பச்சைக் கோடு போட்ட வடிகட்டி

எண்பதுகளில் சேலத்தில் என் அண்ணனுக்கு டயாலிசிஸ் நடந்தபோது, பக்கத்துக் கட்டிலுக்கு மேச்சேரியிலிருந்து ஒரு ஆட்டுக்காரர் வருவார். உப்பிய முகம். யார் சிரித்தாலும் திருப்பிச் சிரிக்க மாட்டார்.

ரத்தத்தைச் சுத்தப்படுத்தும் வடிகட்டியை அங்கே ஒரே தடவையில் தூக்கி எறிவதில்லை. கழுவி, கிருமி சாக ஃபார்மலின் ஊற்றி வைத்து, அதே நோயாளிக்குத் திரும்பவும் பொருத்துவார்கள். பெயர்ச் சீட்டு ஈரத்தில் ஊறி உரிந்துவிடும். அதனால் ஆட்டுக்காரர் தன் மடியிலிருந்து சின்னச் சீசா ஒன்றை எடுத்து, தீக்குச்சியை நனைத்து, தன் வடிகட்டியின் மூடியில் பச்சைப் பெயின்ட்டால் இரண்டு கோடு போடுவார்.

"எதுக்குங்க இது?" என்று கேட்டேன்.

"என்ற ஆட்டுக்குப் போடற குறிதானுங்க. ஆடு மாறிப்போனா தேடிப் புடிச்சுக்கலாம். இது மாறுனா அடுத்தவன் ரத்தம் உள்ள போயிருமுங்க." வடிகட்டிகளைக் கழுவி மாட்டும் டெக்னீஷியனைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அவரு கழுவறத நீங்க பாத்திருக்கறீங்களா?"

நான் பார்த்ததில்லை. ஆளுக்குச் சந்தேகப் புத்தி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் அவர் கட்டில் காலியாக இருந்தது. டெக்னீஷியன் அண்ணனுக்கு வடிகட்டியைக் கொண்டுவந்தார். மூடியில் இரண்டு பச்சைக் கோடு.

"இது ஆட்டுக்காரருதாச்சுங்களே" என்றேன்.

"எல்லாம் கழுவுனதுதானுங்க" என்றார் நிமிராமல்.

அண்ணன் கையைப் போர்வைக்குள் இழுத்து மூடினேன். முணுமுணுத்தபடி அவர் புதிது ஒன்றைப் பிரித்தார். ஆட்டுக்காரர் வேறு ஆஸ்பத்திரிக்குப் போனாரா, போய்ச் சேர்ந்துவிட்டாரா, யாரும் சொல்லவில்லை. அவருடைய வடிகட்டியை டெக்னீஷியன் குப்பையில் போடவில்லை. பச்சைக் கோட்டை நகத்தால் சுரண்டிவிட்டு, திரும்ப அலமாரியில் வைத்தார்.