மாமா சொன்ன நாற்பத்தைந்து

பெட்ரோல் பங்கில் அன்று இருந்தது அப்பாவும் நானும். மாமா இல்லை, அவரைக் கூப்பிடவே இல்லை. அம்மாவும் வரவில்லை. தன் தம்பியின் பேச்சு உண்மையா பொய்யா என்று சோதிப்பதைப் பார்க்க எந்த அக்கா வருவாள்?

அப்பாவுக்கு அந்தப் பழைய ஸ்கூட்டரை வாங்கிக் கொடுத்தவர் மாமா. லிட்டருக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர் கொடுக்கும் என்றிருந்தார். ஒரு மாதம் ஓட்டியதும் அப்பாவுக்குச் சந்தேகம். "ஒன் தம்பி கமிஷன் அடிச்சிகினு நம்ம தலையில கட்டிட்டான்" என்று தினமும் சாப்பிட உட்காரும்போது ஆரம்பிப்பார். அம்மா குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

டேங்கை நிரப்பு, ஓட்டு, மறுபடி நிரப்பு, ஓடிய கிலோமீட்டரைக் குடித்த லிட்டரால் வகு என்று யாரோ அப்பாவுக்குச் சொல்லியிருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் என்பதால் வகுப்பது என் பொறுப்பு.

காலையில் சேலையூர் பங்கில் கூட்டம். அப்பா வண்டியை இடுப்பில் சாய்த்துப் பிடித்துக்கொண்டே சீட்டைத் தூக்கினார். "நொரை வந்துடுச்சி, ஃபுல்லு. எடு சார், பின்னால நிக்கிறாங்க பாரு" என்றார் பங்க்காரர்.

செங்கல்பட்டு வரை போய்த் திரும்பினோம். முன்னால் நின்றுகொண்டு மீட்டரையே பார்த்து வந்தேன். கடைசி எண் மாறும்போது பழையது பாதி, புதியது பாதி தெரியும். அப்போது நாம் எந்த எண்ணில் இருக்கிறோம் என்று கேட்டேன். "கம்முனு வாடா" என்றார் அப்பா.

திரும்பி வந்தபோது பங்க் காலியாக இருந்தது. கணக்கு துல்லியமாக வர வேண்டுமே என்று அப்பா இந்த முறை வண்டியை ஸ்டாண்டில் நிமிர்த்தினார். நுரை அடங்கக் காத்திருந்து, குலுக்கிக் குலுக்கி, டேங்கின் கழுத்து வரை ஊற்றச் சொன்னார். இரண்டு லிட்டர் பிடித்தது. ஓடியது அறுபது கிலோமீட்டர்.

"முப்பது!" என்று கத்தினேன். மீதியில்லாமல் வகுபட்டதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சாயங்காலம் மாமா வந்தார். "சத்தியமா நாப்பத்தஞ்சு குடுத்த வண்டி மச்சான்."

"அப்ப எம் புள்ள படிச்ச படிப்பு பொய்யா?"

மாமா என்னைப் பார்த்தார். சமையலறை வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தார். "சரி, நானே ரெடி பண்ணித் தரேன். அக்காவ ஒண்ணும் சொல்லாத."

இரும்புலியூர் மெக்கானிக் இஞ்சினைக் கழற்றி வேலை பார்த்துக் கொடுத்தார். மறுபடி சோதித்தோம். அப்பாவுக்கு இப்போது கை பழகியிருந்தது; இரண்டு முறையும் ஸ்டாண்ட், இரண்டு முறையும் குலுக்கல். நாற்பத்தைந்து வந்தது. "நம்ம கை பட்டா சும்மாவா?" என்றார் மெக்கானிக். அப்பாவும் நம்பினார், நானும் நம்பினேன்.

முதல் சோதனையின் இரண்டு லிட்டரில், காலையில் சாய்த்துப் பிடித்ததால் நிரம்பாமல் போன இடத்துக்கான பெட்ரோலும் சேர்ந்திருந்தது என்பது எனக்கு அன்று உறைக்கவில்லை. வண்டிக்கு ஒன்றுமே இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த இஞ்சினைப் பிரித்துப் பூட்ட மாமா கொடுத்தது எழுநூற்று ஐம்பது ரூபாய்.