இரண்டு ரமோனாக்கள்

எங்கள் அசுன்சியோன் நகர வீட்டு உதவி அலுவலகத்தில் எலிசியோவுக்கு நிரலில் பல வரி லூப் எழுதப் பிடிக்காது. பதிவுகளை ஓடவிட்டு, வடிகட்டி, பெயர்களாக மாற்றி, இரட்டிப்பை நீக்குவதை ஒரே வரியில் முடிப்பார். வெள்ளத்தில் வீடிழந்தவர்களின் பட்டியலுக்கும் அப்படித்தான் செய்தார். வரி நீளுமென்று, கடைசியில் வரும் தாய்வழிப் பெயரை மட்டும் விட்டுவிட்டார். இரண்டு ரமோனா அயாலாக்கள் ஒருவரானார்கள். ஒருவருக்குத்தான் வீடு கிடைத்தது.

மற்றவர் கவுண்டருக்கு வந்து எலிசியோவிடம் கேட்டார்.

"நான் அயாலா பெனித்தெஸ், தம்பி. அவ அயாலா குவேவாஸ். எங்கம்மா பேர எங்க தொலைச்சீங்க?"

"கம்ப்யூட்டர்ல ஒரு ரமோனாதாம்மா இருக்காங்க."

"அப்ப இங்க நிக்கறது பேயா?"

நாங்கள் சிரித்தோம். எலிசியோ வரியைத் திருத்தி ஓடவிட்டார். இருவரும் திரையில் வந்தார்கள். வீடுகள்தான் தீர்ந்திருந்தன.

"அடுத்த தடவ கண்டிப்பா வரும்மா."

"அடுத்த தடவன்னா, அடுத்த வெள்ளமா?"

அந்த ரமோனா தன் தார்ப்பாய்க் கூடாரத்துக்கே திரும்பிப் போனார்.