ஜீவிதாவின் தீப்பெட்டி

இரண்டாம் பாட்டு முடிவதற்குள் ஜீவிதா தூங்கிவிடுவாள். ஆலயத்தின் இடப்பக்கத் தூணில் தலையைச் சாய்த்து, வாயைச் சற்றே திறந்து, பாட்டுப் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு தூங்குவாள். ஆலயத்தில் மணி அடிக்கிறவர், அவள் தலைக்கு மேல் இருக்கும் மின்விசிறியை மட்டும் கொஞ்சம் கூட்டி வைப்பார். எனக்கு வியர்ப்பது அவர் கண்ணில் பட்டதே இல்லை.

ஜீவிதா என் தங்கை. மைசூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இரவு நேர ஆயா. சனிக்கிழமை இரவெல்லாம் நோயாளிகளைப் புரட்டிப் படுக்க வைத்து, விரிப்பு மாற்றிவிட்டு, காலையில் நேராக ஆலயத்துக்கு வருவாள். கசங்கிய சேலைதான். ஆனாலும் அவள் முகத்தில்தான் களை இருக்கும். சனிக்கிழமையே இஸ்திரி போட்டு வைத்த என் சேலையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

"வீட்டுக்குப் போய்த் தூங்கிட்டு வாயேன்டி" என்று ஒருமுறை சொன்னேன்.

"வீட்ல எங்கக்கா தூக்கம்? இங்கதான் யாரும் பெல் அடிச்சுக் கூப்பிட மாட்டாங்க. ஆண்டவரு என்ன வார்டு சூப்பர்வைசரா, ரவுண்ட்ஸ் வந்து யாரு தூங்கறான்னு பாக்க?"

போதகரிடம் முறையிட்டேன். அவர் சிரித்துவிட்டு, "ஓய்வுநாள்ல நெஜமா ஓய்வெடுக்கறது நம்ம சபையில அவங்க ஒருத்தங்கதாம்மா" என்றார். பிரசங்கத்தில் ஒரு சொல் விடாமல் கேட்கிறவள் நான். என்னைப் பற்றி அவர் அப்படி எதுவும் சொன்னதில்லை.

ஆராதனை முடிந்ததும் அவளுக்கு எங்கிருந்தோ உயிர் வந்துவிடும். மண்டி மொஹல்லாவில் அவள் வீட்டுக்குப் போகிற வழியிலேயே ஆட்டுக்கால், கொத்தமல்லி எல்லாம் வாங்குவாள். அவள் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்தால் கொத்தமல்லி வாசம் அடிக்கும். ஞாயிற்றுக்கிழமை கடையில் நிற்கலாமா என்று கேட்டால், "சும்னிரு அக்கா" என்று கன்னடத்தில் வாயை அடைத்துவிடுவாள்.

எங்கள் வீட்டில் அப்படியில்லை. அம்மா உயிரோடு இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை அடுப்பு எரிந்ததில்லை, ஊசி எடுத்ததில்லை, காசு கைமாறியதில்லை. அம்மாவுக்குப் பிறகு அதை நான் காப்பாற்றி வருகிறேன். சனிக்கிழமை சாயங்காலமே புளிச்சோறு கிளறி, துவையல் அரைத்து, கஞ்சியைப் பிளாஸ்க்கில் ஊற்றி, கேஸ் லைட்டரைத் துணியில் சுற்றி பீரோ மேல் வைத்துவிடுவேன். கை தவறிக்கூட அடுப்பைப் பற்ற வைத்துவிடக் கூடாது என்பதற்காக.

அப்பா என்னோடுதான் இருக்கிறார். ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். அவர் மாத்திரை, அவர் வேட்டி, அவர் கால் நகம் எல்லாம் என் பொறுப்பு. அப்படிப்பட்டவர் இந்த வருடம் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு ஜீவிதா வீட்டுக்குப் போகத் தொடங்கினார். பிறகு இரவும் தங்கினார். பிறகு செவ்வாய்க்கிழமைதான் வந்தார். ஒருநாள் அவர் கட்டிலைத் தட்டி விரித்தபோது தலையணையைக் காணவில்லை. தலையணை போன இடத்துக்கு மனிதரும் போய்விடுவார் என்று எனக்குப் பட்டது.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் அசோகபுரத்தில் இருக்கும் என் வீட்டிலிருந்து நடந்தே மண்டி மொஹல்லா போனேன். மாடியில் அப்பா ஆட்டுக்கால் சூப்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார். ஜீவிதா டூட்டிக்குத் தலை வாரிக்கொண்டே ஏதோ சொல்ல, அவர் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். என் வீட்டில் அந்தத் தோள் குலுங்கி நான் பார்த்ததில்லை.

"அப்பா, கெளம்புங்க" என்றேன்.

"இன்னிக்கு இருந்துட்டு வரேன் சொர்ணா."

"போன வாரமும் இதத்தான் சொன்னீங்க."

"உன் வீட்ல ஞாயித்துக்கிழமை வந்தா ஜெயில் மாதிரி இருக்கும்மா. வயித்துக்குச் சூடா ஏதாச்சும் கேட்டா நீ வசனம் சொல்ற."

"அம்மா இருந்தப்ப ஆறின சோத்தத்தான் சாப்பிட்டீங்க. ஒரு வார்த்த பேசல."

"அப்போ பல்லு இருந்துச்சு."

ஜீவிதா சிரித்துவிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "ஓய்வுநாள ஆசரிக்கத் தெரியாதவ நீ சிரிக்காத" என்றேன்.

அவள் சீப்பைக் கீழே வைத்தாள். "ஏன்க்கா, ஓய்வுநாள்ல கை சூம்பினவன் ஒருத்தன் வந்தானே, நாளைக்கு வாப்பான்னா இயேசப்பா அனுப்புனாரு? அங்கயே சொகமாக்கல? அப்பாவுக்கு இன்னிக்குப் பசிச்சா இன்னிக்குத்தான சோறு போடணும்?"

"அப்போ அந்த நாளே வேண்டாங்கறியா?"

"யாரு சொன்னா? அந்த ஒரு நாளு இல்லன்னா நான் எப்பவோ படுத்த படுக்கையாயிருப்பேன். வாரம் பூரா அதுக்குத்தான் காத்துக் கெடக்கறேன். அது வந்தா நீ பயப்படற. நான் படுத்துக்கறேன். அவ்ளோதான்க்கா."

என்னிடம் பதிலுக்கு வசனம் இருந்தது. ஆனால் அதற்குள் அவள் அப்பாவின் தலையணையை எடுத்து ஒரு பைக்குள் திணிக்க ஆரம்பித்திருந்தாள்.

"எந்திரிங்கப்பா. நைட்டு நான் டூட்டிக்குப் போயிட்டா உங்களுக்கு ஒண்ணுன்னா யாரு பாக்கறது? அக்கா பாக்கற மாதிரி எனக்குப் பாக்க வராது. ஞாயித்துக்கிழமை சோத்துக்கு நான் அங்க வரேன்."

இரண்டு மாதமாக ஞாயிறுதோறும் நான் கூப்பிட்டும் வராத மனிதர், அவள் ஒரு தடவை சொன்னதும் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார். ஆட்டோக்காரருக்கு அவளே பணம் கொடுத்தனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை நான் காசைத் தொடமாட்டேன் என்பது அவளுக்குத் தெரியும்.

சொன்னபடி மறு ஞாயிறு ஆலயத்திலிருந்து என்னோடே வந்தாள். சமையலறைக்குள் போனவள் லைட்டரைக் கேட்கவில்லை. தன் கைப்பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தாள்.

"நீ கூடத்துலயே உக்காருக்கா. அடுப்ப நான் பத்த வைக்கறேன். பாவம்னா அது என்னோடது."

நான் வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். மிளகு ரசம் கொதிக்கும் வாசம் வந்தது. அப்பா குழைந்த சோற்றில் அதை ஊற்றிச் சாப்பிட்டு, மறுபடியும் தட்டை நீட்டினார். வாரத்தில் ஆறு நாள் நானும் மிளகு ரசம் வைக்கிறேன். அவர் தட்டை நீட்டியதில்லை.

நான் என் புளிச்சோற்றைத்தான் சாப்பிட்டேன். ஜீவிதா தன் தட்டை நகர்த்திவிட்டு என் தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளி வாயில் போட்டாள். மெதுவாக மென்றாள்.

"அம்மா கைப்பக்குவம் அப்படியே இருக்குக்கா. எனக்கு இது வரவே வராது" என்றாள்.

அம்மா போன நாளிலிருந்து யாராவது இதைச் சொல்லமாட்டார்களா என்று நான் காத்திருந்தேன். அதையும் அவளே சொல்லவேண்டியிருந்தது.

அதன் பிறகு எல்லா ஞாயிறும் வருகிறாள். பாத்திரம் கழுவி, அடுப்பைத் துடைத்து, சனிக்கிழமை நான் விட்ட மாதிரியே ஆக்கிவைத்துவிட்டு, கூடத்தில் வெறுந்தரையில் படுத்துச் சாயங்காலம் வரை தூங்குகிறாள். அப்பா மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைக்கிறார்.

போன வாரம் அவள் புறப்படும்போது அப்பா, "தீப்பெட்டிய இங்கயே வெச்சுட்டுப் போயேம்மா, எதுக்கு வாரா வாரம் தூக்கிட்டு அலையற?" என்று கேட்டார்.

ஜீவிதா என்னை ஒருமுறை பார்த்தாள். தீப்பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தாள். பிறகு அதைக் கைப்பைக்குள், பாட்டுப் புத்தகத்துக்கு அடியில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள்.