மூணாவது செட்டை

சனிக்கிழமை மத்தியானம் வந்தா இப்பவும் எனக்கு அவ வேணும். வேற யாரும் வேண்டாம். இத்தனை வயசுக்கு மேல இதைச் சொல்ல எனக்கு ஒரு வெக்கமும் கிடையாது.

பாளையங்கோட்டையில பி.எஸ்ஸி. பிசிக்ஸ் கடைசி வருசம், ஹாஸ்டல்ல ரெண்டுபேருக்கும் ஒரே ரூம். அவ ஊரு திசையன்விளை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனா பையைத் தூக்கிட்டு பஸ் ஏறிருவா. எங்க வீட்டுல எல்லாரும் பம்பாயில. சனியும் ஞாயிறும் நான் ஒத்தையில சுவரைப் பாத்துக்கிட்டுக் கிடப்பேன்.

அந்த வருசம் காலேஜ் கண்காட்சிக்கு நாங்க தண்ணி ராக்கெட் செஞ்சோம். பெரிய கலர் பாட்டில்ல கொஞ்சம் தண்ணி, சைக்கிள் பம்பால காத்து அடிச்சுவிட்டா விர்ருன்னு போவும். நேரா போவணும்னா அடியில மூணு செட்டை வேணும், அதான் இறக்கை. பிளாஸ்டிக் ஃபைல் அட்டையை வெட்டி, பஞ்சர் கடை சொல்யூஷன் போட்டு ஒட்டுவோம். விழுந்து நசுங்கிரும்னு வாரம் ஒரு புதுப் பாட்டில்; அதை உப்புத்தாளால சொரசொரன்னு தேய்ச்சுக் குடுக்கது என் வேலை, ஒட்டுதது அவ வேலை.

ஒரு வெள்ளிக்கிழமை விட்டுப் பாத்தப்போ ஒரு செட்டை பிஞ்சு போச்சு. அதைச் சரிபண்ண அவ ஊருக்குப் போவாம இருந்துட்டா. அடடா, அந்தச் சனிக்கிழமை! ஒட்டிக் காயவச்சுட்டு, வார்டன்கிட்ட கோயிலுக்குன்னு சொல்லிட்டு ஆத்துக்குப் போயி, தண்ணிக்குள்ள காலை விட்டுக்கிட்டுப் பேசினோம், பேசினோம், அப்படிப் பேசினோம். என்ன பேசினோம்னு கேட்டா ஒண்ணுமே இல்ல.

அடுத்த வாரம் என் புத்தி போன போக்கைப் பாருங்க. தேய்ச்ச இடத்துல, என் தலையில இருந்த தேங்காண்ணெயை விரலால தொட்டுப் பைய ஒரு தடவு. எண்ணெய் பட்டா சொல்யூஷன் பிடிக்குமா? மூணாவது செட்டை கழண்டுச்சு, அவ தங்கிட்டா. அதுக்கு அடுத்த வாரமும் தடவினேன். அன்னைக்குப் பாத்து அந்தச் சனியன் கழலவே இல்ல. ராக்கெட் வேப்பமரத்துக்கு மேல நேரா போச்சு. திங்கக்கிழமை கண்காட்சி. அவ குதிச்சுக்கிட்டு ஊருக்குப் போனா, அப்பாவைக் கூட்டிட்டு வர.

எம்.எஸ்ஸி. படிக்கணும்னு அவ வீட்டுல கெஞ்சிக்கிட்டிருந்தா. "அப்படி என்ன படிப்புன்னு வந்து பாக்கேன், பொறவு சொல்லுதேன்"னு அவுக அப்பா சொல்லியிருந்தாவ. இது எனக்கு நல்லாத் தெரியும். ரெண்டு நாளும் ராக்கெட் என் கட்டிலுக்கு அடியிலதான் கிடந்துச்சு. அந்தச் செட்டையைப் பிச்சு, துடைச்சு, திருப்பி ஒட்ட அரைமணி நேரம் ஆவாது. என்னை விட்டுட்டுப் போயிட்டால்லான்னு கோவம். தொடவே இல்ல.

திங்கக்கிழமை அவுக அப்பா வெள்ளை வேட்டி சட்டையில முன்னால நின்னாவ. இவ பம்பை அடிச்சா. கிளம்பின வேகத்துல செட்டை தனியாப் பறந்துச்சு. ராக்கெட் குட்டிக்கரணம் போட்டு, அவுக மேலயே தண்ணியைக் கொட்டிட்டு விழுந்துச்சு. எல்லாரும் சிரிச்சாவ. அவுக சிரிக்கல, கோவப்படவும் இல்ல. "பரீட்சையை எழுதிட்டு வீட்டுக்கு வந்துரு பிள்ளே, போதும்"னாவ.

எப்படியும் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பாவன்னு மனசைத் தேத்திப் பாத்திருக்கேன். தேறல. ராக்கெட் கிளம்பினப்போ அவுக ஆசையா அண்ணாந்து பாத்ததை நான் பாத்தேன்.

அப்பாவை பஸ் ஏத்திவிட்டுட்டு வந்து அவ என் கையைப் பிடிச்சா. "நான் ஒட்டினதுதான் சரியில்லட்டி. உன் உழைப்பையும் சேத்துக் கெடுத்துட்டேன். என்னை மன்னிச்சிரு"ன்னா.

"போட்டும், விடுட்டி"ன்னு நான் அவளை மன்னிச்சேன்.