கிழட்டுக் காருக்கு ஒரு காயகல்பம்

காலையில் உத்திரமேரூர் பங்க்கில் பெட்ரோல் போடும்போது ஒரு பாட்டிலை என் தலையில் கட்டிவிட்டார்கள். பெட்ரோலில் கலந்தால் இன்ஜின் இன்னும் பத்து வருடம் உழைக்குமாம்.

என் கிழட்டுக் காருக்குக் காயகல்பமே கிடைத்துவிட்ட பெருமையில், நேராக மெக்கானிக் சேகரின் ஷெட்டுக்குப் போனேன்.

"இத்த ஊத்துனா இன்ஜின் லைஃப் ஏறுமா சேகர்?"

பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பெட்ரோல் போற வழியில கீற அழுக்க கொஞ்சம் கழுவும் சார். ஆனா இன்ஜின தேயாம காப்பாத்துறது ஆயிலுதான். எப்ப மாத்துனீங்க?"

"இப்பதான், ரெண்டு மூணு மாசம் ஆவுது" என்றேன். வாராவாரம் ஆயில் அளவு பார்ப்பதாகவும் சேர்த்து அடித்துவிட்டேன். அவர் அதைக் கேட்கவே இல்லை, நானாகச் சொன்னது.

சேகர் பானெட்டைத் திறந்தார். அடுத்த நொடி சிரிக்க ஆரம்பித்தார்.

ஆயில் அளவு பார்க்கும் குச்சியின் தலையில், போன ஆயுத பூஜைக்கு நானே பக்தியோடு அப்பிய சந்தனமும் குங்குமமும் அப்படியே காய்ந்திருந்தன. குச்சியும் குழாயும் சேரும் இடத்தில் அந்தச் சந்தனப் பூச்சில் ஒரு விரிசல்கூட இல்லை.

"இன்னா சார், சாமியே சாட்சி சொல்லுது! பூஜை போட்டதுலேர்ந்து இத்த யாரும் தொடவே இல்ல."

உருவியபோது நுனியில் தார் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. பாட்டிலை வாங்கி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஆயிலை மாற்றச் சொன்னேன்.

இந்தப் பதிவைப் படித்துக் கிண்டல் செய்ய வருகிறவர்கள் முதலில் தங்கள் பானெட்டைத் திறந்து பார்க்கவும். குச்சியில் வைத்த பொட்டு கலைந்திருந்தால் மட்டும் கமெண்ட் போடலாம்.