பின்சக்கரத்துப் பழைய ஷாக்குகள்

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, என் சொந்த ஸ்பானர்கள். மத்தியான வெயில் இன்னும் இறங்கவில்லை. ஷெட்டை விட்டுக் கிளம்பிக் கால் மணி நேரம்தான் ஆகியிருக்கும். தெரிந்த ஆட்டோக்காரன் ஒருவன் வேகத்தைக் குறைத்து, "இன்னாண்ணா, மெக்கானிக்கே நடந்து போறே? ஏறு" என்றான். வேண்டாம் என்று கையை ஆட்டினேன். ஏறினால் காரணம் கேட்பான்.

காரணம் ஒரு கார். ஜப்பான்காரன் செய்தது. இரண்டு பேர்தான் உட்காரலாம். இருபத்தைந்து வருடப் பழசு, தரையை ஒட்டிக் கிடக்கும். ஊரில் அந்த மாதிரி அது ஒன்றுதான். ஒரு லாட்ஜ் முதலாளி ஆசைப்பட்டு வாங்கி, நான் வேலை செய்த ஷெட்டில் கொண்டுவந்து விட்டார். குலுக்கலைத் தாங்கும் ஷாக் அப்சார்பர்கள் தளர்ந்து, ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் வண்டியின் வயிறு உரசியது.

நான் எட்டாவதைப் பாதியில் விட்டவன். ஓசூர், கர்னூல், மறுபடி ஓசூர் என்று போன இடத்திலெல்லாம் ஒரு வருடம் தங்கினால் அதிகம். திருவண்ணாமலையில் மூன்று வருடம் இருந்தேன். ஷெட் வைத்திருந்த பாய் கீழ்பென்னாத்தூரில் இன்னொரு ஷெட் எடுத்துப் பூட்டி வைத்திருந்தார். "இந்தக் காரைச் சரியா முடிச்சுக் குடு. அந்த ஷெட்ட நீயே பாத்துக்க" என்றார். என்னை நம்பி யாரும் ஒரு சாவியைக் கொடுத்ததில்லை. அந்தச் சாவிக்காகத்தான் காத்திருந்தேன்.

எந்த ஷாக் போடுவது என்பதிலேயே ஒரு வாரம் போயிற்று. பழையதையே அறுத்து, எண்ணெய் மாற்றி, வெல்டிங் வைத்துவிடலாம் என்றார் பாய். ஜீப்புக்கு அது சரி. இது உள்ளே கேஸ் அடைத்தது, நிற்காது என்றேன். லாட்ஜ் முதலாளிக்குப் பெங்களூர் நண்பர் ஒருவர் போனில் பாடம் எடுத்திருந்தார். திருகித் திருகிக் கெட்டியாக்கிக்கொள்ளும் ரேஸ் ஷாக்தான் வேண்டும் என்று நின்றார்.

"சார், அது வழவழன்னு இருக்கிற ரோட்டுக்கு. நம்ம ஊர்ல அதப் போட்டா உங்க முதுகுதான் ஷாக் அப்சார்பர்" என்றேன்.

சிரித்துவிட்டார். கம்பெனியில் முதலில் என்ன போட்டார்களோ அதையே வாங்குவது என்று முடிவாயிற்று. என் பேச்சுக்கு அவரும் பாயும் தலையாட்டிய நாள் அது.

முன்சக்கரத்துக்கு இரண்டும் சென்னையில் கிடைத்துவிட்டன; மாட்டிவிட்டேன். பின்சக்கரத்துக்கு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், மூன்று மாதம் ஆகும் என்றார்கள். முதலாளிக்கு அதுவரை பொறுமை இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவியை உட்காரவைத்து ஏலகிரிக்குப் போக வேண்டும். பழைய கார் வைத்திருப்பவர்கள் அங்கே கூடுகிறார்களாம்.

"பின்னாடி இருக்கிற பழசு தாங்குமா, தாங்காதா? அத மட்டும் சொல்லு" என்றார்.

கையால் அழுத்திப் பார்த்தேன். அந்த மாதிரிக் காரின் ஸ்பிரிங் கைக்கு அசைந்து கொடுக்காது. எண்ணெய்க் கசிவும் இல்லை. ஓட்டித்தான் பார்க்க வேண்டும். எங்கள் ஷெட்டில் எந்த வண்டி முடிந்தாலும் கிரிவலப் பாதையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்போம். மலை எப்போதும் வலக்கைப் பக்கம். எதிர்த்திசையில் போகக் கூடாது என்பது பாயின் கண்டிப்பு. "கஸ்டமர் யாராவது பாத்தா அந்த வண்டியத் திரும்பத் தொடுவானா? ஊர் வழக்கம்பா" என்பார். ஐந்து வேளை தொழுகிற மனிதர், எங்களைவிட அதில் கறார்.

மலையைச் சுற்றினேன். பாதை முழுக்க வலப்பக்கமாகத்தான் வளைகிறது. வலப்பக்கம் வளையும்போது வண்டியின் பாரம் இடப்பக்கச் சக்கரங்கள் மேல் விழும். இடப்பக்கம் கல் மாதிரி நின்றது. இரண்டாவது சுற்றும் போனேன். அதே திசை.

"தாங்கும் சார்" என்றேன். பாரமே விழாத வலப்பக்கத்தைப் பற்றி நான் நினைக்கவில்லை. மூன்று வருடமாக அந்த ஒரே பக்கம் வண்டி திருப்பிப் பழகியவனுக்கு நினைக்கத் தோன்றவில்லை.

ஏலகிரி ஏற்றத்தில் இடப்பக்கம் திரும்பும் ஒரு கொண்டை ஊசி வளைவில் காரின் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. அந்த அம்மாவுக்குத் தோள் எலும்பு முறிந்தது. வலப் பின்சக்கரத்து ஷாக் செத்துக் கிடந்தது. கழற்றிப் பிடித்தால் சைக்கிள் பம்பு மாதிரி போய்ப் போய் வந்தது.

முதலாளி ஷெட்டுக்கே வந்தார். கத்தவில்லை. "தாங்கும்னு சொன்னியேப்பா" என்றார். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். பாய் பக்கம் திரும்பி, "இவன் கை இனிமே எந்த வண்டி மேலயும் படக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாய் என்னிடம் கேட்டார்: "எதிர்ப்பக்கம் ஒரு தரம் திருப்பிப் பாத்தியா?"

"நீங்க வுட்டா தானே பாய்?"

"மலைய வுட்டா ஊர்ல வேற ரோடே இல்லியா? பைபாஸ் இல்ல? நாலு தெரு இல்ல?"

இருந்தது.

"கீழ்பென்னாத்தூர் ஷெட்ட மருமகன் பாத்துக்கட்டும்" என்றார். பிறகு கொஞ்சம் இறங்கி, "நீ இங்கயே இரு. கிரீஸ் அடி, டயர் கழட்டு. ஜாஸ்தி பேசாத, போதும்" என்றார்.

மருமகன் என்று அவர் தயங்காமல், யோசிக்காமல் சொன்னார். முன்பே முடிவு செய்து வைத்திருந்தாரோ என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். ஆனால் முடிவு செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும், எலும்பு முறிந்தது என் வாய்ச்சொல்லால். பையை எடுத்துக்கொண்டேன். யாரும் நிறுத்தவில்லை.

பஸ் ஸ்டாண்டில் முதலில் கிளம்பியது திண்டிவனம் வண்டி. அது கீழ்பென்னாத்தூர் வழியாகத்தான் போகும். அந்த ஷெட்டின் இழுப்புக் கதவு பஸ் ஜன்னலில் வந்து போயிற்று. புதிதாக நீலப் பெயின்ட் அடித்திருந்தார்கள். காய்ந்து தூசி படிந்த பெயின்ட்; கார் மோதுவதற்கு முன்பே அடித்தது. செஞ்சியில் இறங்கினேன். கையில் இருந்த காசுக்கு அவ்வளவு தூரம்தான்.

மறுநாள் காலை அங்கே ஒரு அரிசி ஆலையில் ஆள் கேட்டார்கள். மேஸ்திரி என் பையைப் பார்த்தார். உள்ளே இரும்புச் சத்தம் கேட்டது.

"வண்டி வேல தெரியுமா? லாரி ஒண்ணு நிக்குது."

"தெரியாதுங்க."

"பின்ன இன்னா தெரியும்?"

"சொல்றதச் செய்வேங்க."

அவித்த நெல்லைக் களத்தில் கிளறிவிடும் பலகையைக் கையில் கொடுத்தார். களத்து ஓரத்தில் அந்த லாரியின் பின்சக்கரத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அடியில் எதைக் கழற்றுவது என்று தெரியாமல் இரண்டு பேர் படுத்துக் கிடந்தார்கள். நெல்லில் இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது. வெறுங்காலோடு இறங்கிக் கிளற ஆரம்பித்தேன்.