வெம்பிளியில் ஊறிய பிரம்பு

காலை ஒன்பதரை மணி, வெம்பிளி பார்க் நிலையம். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பெப்ரவரிச் சனிக்கிழமை. ஈரச்சேலையில் சுற்றிய பிரம்புக் கட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஜுபிலி லைனில் ஏறினேன். பெரிய பயணிகள் ஒட்டகத்தில் போயிருக்கிறார்கள். எனக்கு வாய்த்தது இது.

பிரம்பு வடக்குக் குயின்ஸ்லாந்து மழைக்காட்டில் வெட்டியது. கொண்டுவந்தவர் மேவிஸ் என்ற அபொரிஜினல் கலைஞர். தேம்ஸின் தெற்குக் கரையில் ஒரு கலைக்கூடத்தில் அவருடைய ஊரவர்களின் கண்காட்சி. அன்று மாலை ஆறு மணிக்குத் திறப்பு. மேவிஸின் கூடையோ பாதியில் நின்றது. ஹீட்டர் சூட்டில் பிரம்பு காய்ந்து, வளைத்தால் முறிந்தது. ஊறப்போடலாமென்றால் அவர் தங்கிய ஹோட்டலில் ஷவர் மட்டும்தான். கலைக்கூடத்தில் செக்யூரிட்டியாக நிற்கும் என் நண்பர் சிவமண்ணை, "எங்கட வீட்டில பாத் டப் இருக்கு" என்று வாயை விட்டார். வெள்ளிக்கிழமை வெம்பிளியில் ஒரு குடும்பம் குளிக்கவில்லை.

மறுநாள் அவருக்கு விடிகாலை ஷிப்ட். சுமை என் தலையில் விழுந்தது. அவர் மனைவி இராணியக்கா கட்டிக்கொடுத்தார்.

"பிரம்பைக் காயவிடாதேயுங்கோ. சீலையும் கவனம், என்ர நல்ல வொயில்."

ரயிலில் பக்கத்து ஆங்கிலேய அம்மாவின் சப்பாத்தில் நீர் சொட்டியது. "மீனா?" என்றார். "கலை" என்றேன். காலை இன்னும் தள்ளி வைத்துக்கொண்டார்.

சாரிங் குறொஸில் இறங்கி, நடைபாலத்தில் ஆற்றைக் கடந்தேன். கூடத்தின் சுவரில் காட்டத்தி மரத்தின் பலகைவேரில் செதுக்கிய கேடயங்கள், காவியும் மஞ்சளும் வெள்ளையும் கறுப்புமாக. ஒரு கண்ணாடிப் பெட்டியில் அந்தக் காலத்தில் யாரோ கொண்டுவந்த கூடைகள், அடியில் இரண்டு கொம்பு முளைத்தவை. நச்சு விதைகளை இவற்றில் போட்டு ஓடையில் ஊறவைத்து நஞ்சை நீக்குவார்களாம். அட்டையில், 'செய்தவர் பெயர் தெரியாது.' அடுத்த பெட்டி வெறுமை. அதன் அட்டையில் மேவிஸின் பெயர், இனத்தின் பெயர், ஊர்.

"பேர் வந்திட்டுது. கூடைதான் இன்னும் வரேல்லை" என்றார் சிவமண்ணை.

மேவிஸ் ஒரு பிரம்பை முழங்காலில் வளைத்தார். முறியவில்லை. "நல்ல தண்ணீர்" என்றார். லண்டன் தண்ணீருக்கு ஒருவர் நற்சான்று கொடுத்து நான் கேட்டது அதுவே முதல் தடவை.

"நான் ஏதும் செய்யட்டுமா?"

"துணியை ஈரமாக வைத்திருங்கள்."

நான் முதுகலைப் பட்டதாரி. மாலை வரை சேலை நனைத்தேன்.

நாலரைக்குக் கூடை முடிந்தது. சேலையை அதே ஹீட்டரில் காயப்போட்டோம். அதுவும் ஒன்றுக்கு உதவியது. திறப்புக்குச் சற்று முன் மேவிஸ் காய்ந்த சேலையை மடித்துக் கூடைக்குள் வைத்தார்.

"வெறும் கூடையை நான் காட்டுவதில்லை. இது சுமப்பதற்காகச் செய்தது."

கூடையின் வாரை நெற்றியில் மாட்டி, முதுகில் தொங்கவிட்டு, வந்திருந்த பெரிய மனிதர்களுக்கு நடுவே நிமிர்ந்து ஒரு சுற்று நடந்தார். பிறகு பெட்டிக்குள் வைத்தார். கண்ணாடி மூடியது.

"யார் செய்தது?" என்று ஒருவர் கேட்டார்.

"நான்தான். வாசியுங்கள்" என்று அட்டையைத் தட்டினார் மேவிஸ்.

அப்போதுதான் சிவமண்ணையைக் கேட்டேன். "அண்ணை, சீலை?"

"தொடேலாது. ஒருத்தரையும் தொடவிடாமல் பார்க்கத்தானே எனக்குச் சம்பளம்."

இரவு எட்டரை, வெம்பிளி. இராணியக்கா முழுக்கதையையும் கேட்டார்.

"எத்தினை நாளைக்கு அங்க இருக்கும்?"

"ஆறு கிழமை" என்றார் சிவமண்ணை, வாசலை விட்டு உள்ளே வராமல்.

"மேவிஸின்ர பேர் பெரிசாப் போட்டிருக்கினமோ?"

"ஓம். தூரத்தில நிண்டே வாசிக்கலாம்."

"அது நல்லது." கொஞ்சம் யோசித்தார். "இஞ்சேருங்கோ, கீழ சின்னதா ஒரு வரி போடச் சொல்லுங்கோ. சீலை, இராணி சிவம், வெம்பிளி. பிறகு அதையும் தெரியாது எண்டு எழுதிப்போடுவினம்."